த்ரீ நாட் த்ரீ: ஒரு பழைய துப்பாக்கி சொல்லும் கதை



தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் வியப்படையலாம். நான் போர்வீரனும் அல்லன், வேட்டைக்காரனும் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு வெண்கட்டியைப் பிடிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும், எங்கள் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்னை இந்தப் பொருளின் பக்கம் திருப்பியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் மேசைமேல் வைத்தான். "சார், எங்கப்பா காய்கறித் தோட்டத்துக்கு மண்ணு வெட்டுறப்ப கெடச்சது. பித்தளையா சார்? காசு கெடைக்குமா?" என்று கேட்டான். பார்த்தேன். சுண்டுவிரலைவிடச் சற்று நீளமாக, பச்சைக் களிம்பேறி, முனை கூர்மையாக இருந்தது. அது ஒரு துப்பாக்கித் தோட்டா. வெடிக்காத முழுத் தோட்டா!

அப்போது நான் செய்தது பெரிய தவறு. தொடாமல் விட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நானோ அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பாகத்தைக் கைக்குட்டையால் துடைத்து, அதிலிருந்த எழுத்துகளைப் படிக்க முயன்றேன். நாற்பது பிள்ளைகளின் கண்களும் என் கையிலேயே இருந்தன. பிறகுதான் நினைவு வந்து, தலைமையாசிரியரிடம் சொல்லி, போலீசுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். வந்த அதிகாரி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆசிரியரே, இதற்கு வயதாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இது அப்படி நினைப்பதில்லை" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் என் மனத்தில் தைத்துவிட்டது.

அந்தத் தோட்டாவின் அடியில் நான் படித்தது, 'கே.எஃப்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும், ரோமானிய எண்ணில் ஏழும் ஆகும். அவற்றின் பொருளைப் பின்னர் நூல்களில் தேடிப் பார்த்தேன். 'கே.எஃப்.' என்பது இந்தியாவில் பூனா நகருக்கு அருகிலுள்ள கிர்க்கி தொழிற்சாலையின் அடையாளம். ஏழு என்பது, 1910-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட கூர்முனைத் தோட்டாவின் வரிசை எண். ஆக, நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த அதே கடலைக் கடந்துதான் அந்தத் தோட்டாவும் இந்த மலைக்கு வந்திருக்கிறது. அது எந்தத் துப்பாக்கிக்கு உரியது? அந்தத் துப்பாக்கி எப்படி உருவாயிற்று? நம்முடைய வாழ்க்கையோடு அதற்கு என்ன தொடர்பு? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நேயர்களே! 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். துப்பாக்கிக் குழலின் உள் அகலம் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 303 பங்கு. அதாவது ஏறக்குறைய 7.7 மில்லிமீட்டர். பிள்ளைகள் எழுதும் பென்சிலின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுத் தோட்டாவைச் சுடுகின்ற துப்பாக்கிக்கு 'லீ என்ஃபீல்டு' என்று பெயர்.

லீ என்பது ஒரு மனிதரின் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, பின்பு அமெரிக்காவில் தொழில் செய்தவர். என்ஃபீல்டு என்பது இலண்டனுக்கு வடக்கே அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். மனிதர் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து துப்பாக்கியின் பெயராயின.

அவர் செய்த புதுமை என்ன? அதற்கு முந்திய காலத்தில், பெரும்பாலான இராணுவத் துப்பாக்கிகளில் ஒரு குண்டைச் சுட்டபின், அடுத்த குண்டைக் கையால் எடுத்து வைக்க வேண்டும். லீயின் அமைப்பில், துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடியில் ஒரு சுருள்வில் அவற்றை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மேலே கதவுத் தாழ்ப்பாள் போன்ற ஓர் இரும்புத் தண்டு உண்டு. தாழ்ப்பாளைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால் புதிய தோட்டா குழலுக்குள் போய் அமரும். நம் லயத்து வீட்டுக் கதவைத் திறந்து மூடுகிற அதே அசைவுதான். லீ என்ஃபீல்டில் இந்தத் தாழைப் பிடித்துக்கொள்ளும் முட்டுகள் பின்பக்கத்தில் இருப்பதால், இழுக்க வேண்டிய தூரம் குறைவு. எனவே பயிற்சி பெற்ற வீரன் ஒரு நிமிடத்தில் 15 முறை குறிபார்த்துச் சுட முடிந்தது.

1888-இல் முதலில் வந்தது 'லீ மெட்ஃபோர்டு' என்னும் துப்பாக்கி. குழலின் உட்சுவரில் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்களை வகுத்தவர் மெட்ஃபோர்டு என்பவர். அந்தப் பள்ளங்கள் எதற்கு? பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சுழலும்வரை நிமிர்ந்து நிற்கும். சுழற்சி நின்றால் சாய்ந்துவிடும். குண்டும் அப்படியே. குழலின் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றிவிடுவதால்தான் அது தடுமாறாமல் நேராகப் போகிறது.

ஆனால் விரைவிலேயே ஒரு சிக்கல் வந்தது. 1890-களின் தொடக்கத்தில் கரிமருந்துக்குப் பதிலாக 'கார்டைட்' என்னும் புகையில்லா மருந்து வந்தது. பார்ப்பதற்குச் சேமியாவை நீளவாக்கில் அடுக்கியதுபோல் இருக்கும். அதன் வெப்பம் மிக அதிகம். மெட்ஃபோர்டின் ஆழமில்லாத பள்ளங்கள் அந்த வெப்பத்தில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. அதனால் என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஆழமான ஐந்து பள்ளங்களை வெட்டினார்கள். 1895-இல் 'லீ என்ஃபீல்டு' பிறந்தது. மருந்து மாறியதால் குழல் மாறியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1907-இல் வந்த வடிவம்தான் முதல் உலகப்போரில் பெரும் பெயர் பெற்றது. அதன் நீளம் 113 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 4 கிலோ. பெட்டியில் 10 தோட்டாக்கள். இந்தியாவில் வங்காள மாநிலத்து இஷாப்பூரில் 1904-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இவை செய்யப்பட்டன.

நேயர்களே! நம் தேயிலை மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு விரலால் கொழுந்து கிள்ளினோம். பிறகு பை கட்டிய கத்தரி வந்தது. அதற்கும் பிறகு, இரண்டு பேர் நிரையின் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரம் வந்தது. செடி ஒன்றுதான்; கருவி மாறியதற்குக் காரணம் நிலமும் ஆள்கணக்கும் கூலியும். துப்பாக்கியின் வரலாறும் இப்படிப்பட்டதே. அதற்கு நம் காட்டையே சான்றாகக் காட்டலாம்.

இரண்டாம் உலகப்போர் தென்கிழக்காசியக் காடுகளுக்கு வந்தபோது, நீளமான துப்பாக்கி மூங்கிலிலும் கொடியிலும் சிக்கிக்கொண்டது. எனவே 1944-இல் 'ஐந்தாம் எண்' என்ற குட்டை வடிவத்தைச் செய்தார்கள். இதன் நீளம் ஒரு மீட்டர்தான், எடை 3.2 கிலோ. எடையைக் குறைக்க மரத்தைச் செதுக்கினார்கள், இரும்பைச் சுரண்டினார்கள், தாழின் கைப்பிடிக் குமிழைக்கூட உள்ளே குடைந்தார்கள். முக்கால் கிலோ குறைவதற்கா இத்தனை பாடு என்று கேட்காதீர்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மேடேறியவர்களுக்கு முக்கால் கிலோவின் அருமை தெரியும்.

ஆனால் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும். குழல் குட்டையானதால் மருந்து முழுவதும் உள்ளேயே எரிந்து முடியவில்லை. மீதி வெளியே வந்து பெரும் தீச்சுடராக எரிந்தது. இருண்ட காட்டில் அந்தச் சுடர் சுடுபவனின் கண்ணையே கூசவைக்கும். அவன் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். அதை மறைக்கக் குழலின் வாயில் புனல் போன்ற ஒரு மூடியை வைத்தார்கள். துப்பாக்கி இலேசானதால் தோளில் உதைக்கும் உதையும் பலமாயிற்று. அதைத் தாங்கப் பின்கட்டையில் ரப்பர்த் துண்டு பதித்தார்கள். இவ்வளவு செய்தும், குறி ஒரு நாள்போல் மறுநாள் நிற்பதில்லை என்ற குறை எழுந்தது. ஏறக்குறைய 2,50,000 துப்பாக்கிகள் செய்தபின், 1947-இல் இதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

உற்பத்தி நின்ற மறு ஆண்டில்தான் நம் நாட்டில் அதற்கு வேலை வந்தது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் தோட்டத்துரைகள் மூவர் கொல்லப்பட்டனர்; அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. போலீசின் காட்டுப் படையினரும் இராணுவத்தினரும் இந்தக் குட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காடுகளில் திரிந்தார்கள். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கப் பல்லாயிரம் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டார்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிவரும் வளைவுச் சாலை அந்நாளில் அச்சந்தரும் சாலை.

என் பாட்டி சொல்வார்: "வேலி வாசல்ல தெனமும் சோதன. மடியில ஒரு பிடி அரிசி இருந்தாக்கூட வெளிய விடமாட்டாங்க. துப்பாக்கிக்காரன் கையப் பாப்பேன், மொகத்தப் பாக்கமாட்டேன்." காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள் நம் பெரியவர்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், காட்டிலிருந்தவர்களில் பலர் கையிலும் இதே லீ என்ஃபீல்டுதான் இருந்தது! ஜப்பானியரை எதிர்க்கப் பிரிட்டிஷார் விமானத்திலிருந்து இறக்கிக் கொடுத்தவையும், 1941-42 போரில் விட்டுச்சென்றவையும் அவர்களிடம் இருந்தன. அந்தப் போரில் கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் இதைத் தாங்கி நின்றவர்களில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும். சிங்கப்பூர் வீழ்ந்தபின், அதே துப்பாக்கி இந்திய தேசிய இராணுவத்தின் கைக்குப் போயிற்று. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி. பால் மரம் வெட்டிய கைகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழ்ப் பெண்கள், அங்கே துப்பாக்கி பிடித்துப் பயின்றார்கள்.

வெள்ளையரைக் காக்கச் செய்யப்பட்டது வெள்ளையரை எதிர்க்கவும் உதவியது. துப்பாக்கிக்குக் கொள்கை இல்லை. தூக்கியவன் எவனோ, அவன் பக்கம்தான் அது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து இங்கே வளர்ந்தவர். அவசரகாலச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்கள் பயனளிக்கவில்லை. அவருடைய அரசியலைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கலாம். ஆனால் ஓர் ஆயுதம் ஒருவர் வசம் இருந்தது என்பதே உயிருக்கு விலையான காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே ஆர்வலர்கள் பலர் உண்டு. நாம் தபால்தலை சேர்ப்பதுபோல் அவர்கள் சேர்க்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது இரும்பில் பொறித்த முத்திரைகளைத்தான். கிரீடம், அரசரின் பெயரெழுத்து, தொழிற்சாலை, ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். இஷாப்பூரில் செய்த துப்பாக்கியில் விடுதலைக்கு முன் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தது. பின்பு அந்த இடத்தில் அசோகரின் சிங்கங்கள் அமர்ந்தன. ஒரு நாட்டின் விடுதலையை ஓர் இரும்புத் துண்டில் படிக்கலாம்! ஜப்பானியரின் அரிசாக்கா துப்பாக்கியில் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை உண்டு. 1945-இல் சரணடைந்தபோது பலவற்றில் அந்தப் பூவை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டார்கள். தேய்த்த தழும்பும் ஒரு வரலாறுதான்.

சேகரிப்பவர்கள் ஏமாறுவதும் உண்டு. போருக்குப்பின் அமெரிக்காவில் சில வணிகர்கள் சாதாரண நீளத் துப்பாக்கியைக் குட்டையாக வெட்டி, 'காட்டுத் துப்பாக்கி' என்று பெயர் சூட்டி விற்றார்கள். உண்மையான ஐந்தாம் எண்ணை அறிய, தாழின் குமிழ் குடையப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வணிகர் வெளித்தோற்றத்தை மாற்றலாம். குமிழைக் குடையுமளவுக்கு அக்கறை அவருக்கு ஏது?

பழைய போர்த் துப்பாக்கி அங்கே மலிவாகக் கிடைத்ததன் விளைவையும் உலகம் பார்த்தது. 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்றது, இத்தாலி இராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய துப்பாக்கி. தொலைநோக்கியோடு 20 டாலருக்கும் குறைவான விலையில் தபால்மூலம் வாங்கியது. அதன் பின்னரே 1968-இல் அங்கே தபால்வழி விற்பனையைத் தடுக்கும் சட்டம் வந்தது.

நம் நாட்டில் நிலை வேறு. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் மிகக் கடுமையானவை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். "தாத்தா காலத்துப் பொருள், அழகுக்கு வைத்திருந்தோம்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என நம்ப வேண்டாம். போலித் துப்பாக்கிக்குங்கூடச் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலும், 303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவாகும். அங்கே உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 குடியரசு நாளில்தான் தங்கள் லீ என்ஃபீல்டுகளுக்கு விடை கொடுத்தார்கள். நூறாண்டுக்கு மேல் உழைத்த கருவி அது!

அப்படியானால் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் என்ன செய்வது? அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரிலுள்ள போலீஸ் அருங்காட்சியகத்தில் அவசரகாலத்தில் கைப்பற்றிய ஆயுதங்களைப் பார்க்கலாம். போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தோட்டா இல்லாமல் இருக்கும் துப்பாக்கிதான் பாடம் சொல்லும்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு முக்கியமாக ஒன்றைச் சொல்கிறேன். வாய்க்கால் வெட்டும்போதோ, கவாத்துக்குப் பிறகு மண் கிளறும்போதோ, மழையில் ஆற்றங்கரை சரியும்போதோ இத்தகைய பழைய பொருள் தென்பட்டால் தொடாதீர்கள். களிம்பேறியிருப்பதால் செத்துப்போயிற்று என்று எண்ணாதீர்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் எடை போடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, இடத்தை அடையாளம் வைத்து, தண்டலிடமோ கிராணியாரிடமோ சொல்லி, 999 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்திற்கோ தெரிவியுங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

என் மாணவன் என்னிடம், "காசு கெடைக்குமா?" என்று கேட்டானல்லவா? சில நாள் கழித்து அவனை அழைத்து, "உங்க தாத்தாவப் போய்க் கேளு. எமர்ஜென்சி காலத்துல அவரு எங்க இருந்தாரு, என்ன பாத்தாரு, எழுதிக்கிட்டு வா" என்றேன். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அவனுடைய தாத்தா சிறுவனாக இருந்தபோது வேலிக்கு வெளியே விளையாடப் போய், காவலர் துப்பாக்கியை நீட்டியதும் ஆடாமல் நின்றாராம். காவலரும் ஓர் இளைஞர்தானாம். "அவர் கையும் நடுங்கியது" என்று கடைசி வரியில் எழுதியிருந்தான். எந்த அருங்காட்சியகத்திலும் அந்த வரி கிடைக்காது.

நேயர்களே! இரும்பைச் சேகரிக்க நமக்கு உரிமை இல்லை. அதில் குறையும் இல்லை. அந்த இரும்பின் முன்னே நின்று பிழைத்தவர்களின் சொற்களைச் சேகரிக்க எந்த உரிமமும் வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவரே எஞ்சியிருக்கிறார்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள்.